சொல்லின் கடைசியைப் பாருங்கள்
ஆஸ்பத்திரிச் சீட்டிலுள்ள சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு வழி



வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகிற நம்மில் பலருக்கு ஒரு சங்கடம் உண்டு. கட்டிலின் அருகில் உட்கார்ந்து, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று விசாரிக்கிறோம். அவர்கள் தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, "நீங்க படிச்சவுக, பார்த்துச் சொல்லுங்க" என்று நம் கையில் கொடுக்கிறார்கள். அதிலே நீளநீளமான சொற்கள். ஆங்கில எழுத்து தெரிந்தவருக்கும் பொருள் தெரிவதில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வருகிறோம்.

பொருள் தெரியாத இடத்தில் பயம் குடியேறுகிறது. பயந்தவர்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறார்கள். வேறு சிலர் எதற்கென்று தெரியாமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த இரண்டையும் ஆஸ்பத்திரி வார்டுகளில் அடிக்கடி காண்கிறோம்.

ஆனால் அந்த நீண்ட சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் கடைசிப் பகுதியை, அதாவது பள்ளிக்கூடத்தில் விகுதி என்று படித்தோமே, அதைக் கவனித்தால் பாதிப் பொருள் வெளிப்பட்டுவிடும். ஏறக்குறைய பதினைந்து விகுதிகள் போதும். அவற்றை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப் பெயரைப் பிரிப்பது போல

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் வழியில் உத்தங்குடி, ஒத்தக்கடை, சிட்டம்பட்டி என்று ஊர்கள் வருகின்றன. சற்றுத் தள்ளிக் கருப்பாயூரணி இருக்கிறது. இந்த ஊர்களை ஒருநாளும் பார்த்திராதவரும் பெயரின் கடைசியைக் கேட்டவுடன் ஏதோ ஒன்றைப் புரிந்துகொள்வார். 'குடி' என்றால் மக்கள் குடியமர்ந்த இடம். 'பட்டி' என்றால் முதலில் ஆடுமாடு அடைக்கிற இடம், பிறகு சிற்றூர். 'ஊரணி' என்றால் ஊரார் தண்ணீர் எடுக்கிற குளம். எந்த ஊர் என்பதைப் பெயரின் முன்பகுதி சொல்லும். எப்படிப்பட்ட இடம் என்பதைக் கடைசிப் பகுதி சொல்லும்.

வைத்தியச் சொற்களும் இப்படியே அமைந்தவை. எந்த உறுப்பு என்று முன்பகுதி சொல்லும். அதற்கு என்ன நேர்ந்தது, அல்லது அதை என்ன செய்யப்போகிறார்கள் என்று கடைசிப் பகுதி சொல்லும். இச்சொற்களில் பல உறுப்புப் பெயர்கள் லத்தீனிலிருந்து வந்தவை. விகுதிகளோ பெரும்பாலும் கிரேக்கம்.

கிரேக்கம் என்றதும் தயங்கவேண்டாம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி அதுதானே! செமினரியில் கிரேக்கம் படித்தவர்கள் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வந்தால் ஓர் ஆச்சரியத்தைக் காண்பார்கள். நாம் ஞாயிறுதோறும் வாசிக்கிற வசனங்களின் கிரேக்கச் சொற்கள் அங்கே கதவுகளிலும் சீட்டுகளிலும் எழுதப்பட்டிருக்கின்றன.

சமாரியா ஸ்திரீயும் மூட்டுவலியும்

முதலில் 'இடிஸ்' என்னும் விகுதியை எடுத்துக்கொள்வோம். ஆர்த்ரைடிஸ், டான்சிலைடிஸ், அப்பெண்டிசைடிஸ், ஹெப்படைடிஸ் எல்லாவற்றின் முடிவிலும் இது இருக்கிறது.

யோவான் 4-ஆம் அதிகாரத்தில் கிணற்றண்டையில் வந்த ஸ்திரீயைக் கிரேக்க மூலம் 'சமாரிடிஸ்' என்று அழைக்கிறது. சமாரியாவைச் சேர்ந்தவள் என்பது பொருள். அதே விகுதிதான் 'ஆர்த்ரைடிஸ்' என்பதிலும் இருக்கிறது. 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. ஆகவே 'மூட்டைச் சேர்ந்த நோய்' என்பதே ஆதிப் பொருள். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க வைத்திய நூல்களிலேயே ஆர்த்ரைடிஸ், நெஃப்ரைடிஸ் போன்ற பெயர்கள் உண்டு. பின்னாளில் வைத்தியர்கள் இந்த விகுதியை அழற்சிக்கு மாத்திரம் என்று வரையறுத்துக்கொண்டார்கள்.

அழற்சி என்பது என்ன? சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்னும் நான்கு அடையாளங்களை ரோமரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். தமிழில் அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து அழற்சி. ஆகவே தொண்டைச் சதை அழன்றால் டான்சிலைடிஸ், கல்லீரல் அழன்றால் ஹெப்படைடிஸ், இரைப்பை அழன்றால் கேஸ்ட்ரைடிஸ், மூளையின் உறை அழன்றால் மெனிஞ்சைடிஸ்.

இங்கே ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். விகுதி நோயின் தன்மையைச் சொல்லுமே தவிர, அதன் காரணத்தைச் சொல்லாது. 'இடிஸ்' என்றவுடன் தொற்றுநோய் என்று விலகி நிற்பவர்கள் உண்டு. மூட்டழற்சி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதில்லை. ஹெப்படைடிஸிலேயும் ஏ வகை அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகிறது. பி வகை இரத்தம் முதலியவற்றின் வழியாகப் பரவுகிறது. மதுவினால் வருகிற கல்லீரல் அழற்சி பரவுவதே இல்லை.

'ஓஸிஸ்' என்பது வேறொரு விகுதி. இது ஒரு நிலையைக் குறிக்கும். சாராளுடைய கர்ப்பம் செத்துப்போயிருந்ததைப் பற்றி ரோமர் 4:19 கூறும் இடத்தில் வருகிற கிரேக்கச் சொல் 'நெக்ரோஸிஸ்'. சதை செத்துப்போன நிலைக்கு இன்றும் டாக்டர்கள் அந்தச் சொல்லையே எழுதுகிறார்கள். கழுத்து வலிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 'ஸ்பாண்டிலைடிஸ்' என்றே சொல்லுவார்கள். சீட்டில் 'ஸ்பாண்டிலோஸிஸ்' என்று இருக்கும். முன்னது முதுகெலும்பின் அழற்சி. பின்னது வயதாவதால் உண்டாகும் தேய்மான நிலை. கடைசி மாறினால் நோயும் மாறிவிடுகிறது.

'ஓமா' என்றால் எல்லாம் புற்றுநோயா?

ஜனங்களை அதிகமாகக் கலங்கவைக்கிற விகுதி இதுவே. கார்சினோமா, சார்கோமா, லிம்போமா ஆகியவை புற்றுநோய்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் 'ஓமா' என்று முடிகிற எதைக் கண்டாலும் நெஞ்சு படபடக்கிறது.

வலிப்பு வந்து சேர்க்கப்பட்ட ஒரு வாலிபனின் தாயார் வராந்தாவில் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். "ஐயா, எம்மகனுக்கு மூளையில கேன்சராம். ஊருக்கே கூட்டிட்டுப் போயிர்றோம். இருக்கிற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும்" என்றார்கள். யார் சொன்னது என்றதற்கு, காலேஜ் படித்த உறவுக்காரப் பையன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்து, ஓமா என்று முடிந்தால் புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டதாகக் கூறினார்கள். ரிப்போர்ட்டில் இருந்த சொல் 'டியூபர்குலோமா'. டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் பொறுமையாக, "அம்மா, இது காசநோயால வந்த கட்டி. மாத்திரையிலயே கரைஞ்சிரும். ஆனா நான் சொல்ற வரைக்கும் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது" என்று விளக்கினார். அந்தத் தாயார் மூட்டையை அவிழ்த்தார்கள். காசநோய்க்கான மருந்துகள் அரசாங்கத் திட்டத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஒரு விகுதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் குணமாகக்கூடிய பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோக இருந்தார்கள்.

'ஓமா' என்பது பொதுவாகக் கட்டி அல்லது வீக்கம். அதன் முன்னே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். 'லைபோமா' கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் தீங்கற்றது. 'ஹெமட்டோமா' அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிக்கொள்வது. 'கார்சினோமா' புற்றுநோய், நண்டுக்குக் கிரேக்கத்தில் 'கார்க்கினோஸ்' என்று பெயர். இன்னும் சில சொற்களில் ஓமா என்பது கட்டியே அல்ல. 'கிளாக்கோமா' கண்ணின் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய். பெரும்பாலும் கண்ணழுத்தம் கூடுவதால் வருகிறது. 'டிரக்கோமா' கண் இமையின் உட்புறம் சொரசொரப்பாகிற தொற்று.

ஒத்தக்கடை என்ற பெயரைக் கேட்டு ஒற்றைக் கடையைத் தேடினால் கிடைக்குமா? இன்று சாலையின் இருபுறமும் கடைகள். பெயர் பழையது, ஊர் வளர்ந்துவிட்டது. வைத்தியச் சொற்களிலும் சில அப்படித்தான். ஆகவே விகுதியை அறிந்துகொள்ளுங்கள். முடிவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுப்பதா, திறப்பதா, பார்ப்பதா?

அறுவைச் சிகிச்சைக்கான விகுதிகளை அறிவது மிகவும் அவசியம். ஏனென்றால் அங்கே கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது.

'டமி' என்றால் வெட்டித் திறத்தல். விருத்தசேதனத்துக்குப் பவுல் எழுதும் கிரேக்கச் சொல் 'பெரிடோமே', அதாவது சுற்றி வெட்டுதல். அந்த 'டோமே' தான் இது. 'லேப்பராட்டமி' என்றால் வயிற்றைத் திறத்தல்.

அதன் முன்னே 'எக்' சேர்ந்தால் 'எக்டமி'. 'எக்' என்றால் வெளியே. வெட்டி வெளியே எடுத்துவிடுதல். அப்பெண்டெக்டமி குடல்வாலை எடுப்பது. மாஸ்டெக்டமி மார்பகத்தை எடுப்பது. ஹிஸ்டரெக்டமி கர்ப்பப்பையை எடுப்பது.

'ஸ்டமி' என்றால் வாய் உண்டாக்குதல். 'ஸ்டோமா' என்பது புதிய ஏற்பாட்டில் வாய் என்பதற்கு வருகிற சொல். 'கோலோஸ்டமி' என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின்மேல் ஒரு வாய் வைப்பது. 'டிரக்கியாஸ்டமி' என்றால் மூச்சுக்குழலுக்குக் கழுத்தில் வாய் வைப்பது. சிலருக்கு இவை கொஞ்சக் காலத்துக்கு மாத்திரம், வேறு சிலருக்கு நிரந்தரம். எது என்று முன்னமே கேட்டுக்கொள்வது நல்லது.

'ஸ்கோப்பி' என்றால் பார்த்தல். பவுல் சபைத் தலைவர்களுக்கு 'எப்பிஸ்கோபஸ்' என்ற சொல்லை வழங்குகிறார். பிஷப் என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. நம் தமிழ் வேதாகமம் அதைக் 'கண்காணி' என்று எவ்வளவு பொருத்தமாக மொழிபெயர்த்திருக்கிறது! பேராயர் சபையைக் கண்காணிக்கிறார். எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உட்புறத்தைப் பார்க்கிறது. பார்க்கும்போதே சதைத் துணுக்கு எடுப்பதும், சிறு சிகிச்சை செய்வதும் உண்டு. ஆயினும் அடிப்படை பார்ப்பதுதான்.

சிறுநீரகக் கல்லுக்காக வந்தவர்கள், "கிட்னியை எடுக்கப்போறாங்க" என்று அழுவதைக் காணலாம். சீட்டில் 'நெஃப்ரோலித்தாட்டமி' என்று இருக்கும். 'நெஃப்ரோஸ்' சிறுநீரகம். 'லித்தோஸ்' கல், கல்லறை வாசலிலிருந்து புரட்டப்பட்ட கல்லுக்கும் சுவிசேஷத்தில் இதே சொல்தான். 'டமி' திறத்தல். ஆகவே சிறுநீரகத்தில் வழி உண்டாக்கிக் கல்லை எடுப்பது. சிறுநீரகம் அதன் இடத்திலேயே இருக்கும். அதை எடுப்பதாக இருந்தால் 'நெஃப்ரெக்டமி' என்று எழுதியிருக்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு காட்டுகிறது. 1995-இல் டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் நீடித்த இரத்தப்போக்குக்காக ஒரு மருத்துவரிடம் சென்றார். அவர் கையெழுத்திட்ட படிவத்தில் லேப்பரோஸ்கோப்பி என்றும், லேப்பராட்டமி தேவைப்படலாம் என்றும் இருந்தது. அதாவது பார்ப்பதற்கும் திறப்பதற்கும் சம்மதம். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த வயதான தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. அதாவது எக்டமி செய்யப்பட்டது.

நீதிமன்றம் என்ன சொன்னது? நோயைக் கண்டறிவதற்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயபுத்தியுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்குப் பதிலாக வேறொருவருடைய சம்மதம் செல்லாது. என்ன செய்யப்போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்பவற்றை முன்னதாகவே சொல்லவேண்டும். மருத்துவர் நோயாளியின் நலனுக்காகவே அப்படிச் செய்தார் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. ஆனாலும் கட்டணம் கோரமுடியாது என்றும், 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆகவே படிவம் கைக்கு வந்தவுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எடுப்பதா? திறப்பதா? பார்ப்பதா? நம் குடும்பத்துப் பெண்களின் விஷயத்தில் இது மிகவும் முக்கியம். வீட்டுக்காரரோ மகனோ கையெழுத்துப் போட்டால் போதும் என்ற பழக்கம் நம்மிடத்தில் இன்னும் இருக்கிறது. படுத்திருப்பவரிடத்தில்தான் முதலில் விளக்கவேண்டும்.

கன்னிகைகளின் பாத்திரமும் குயவனின் கையும்

இருதய நோய்க்காரர்கள் இரண்டு சொற்களை மாற்றிச் சொல்லுவார்கள்: ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி. முன்பகுதி ஒன்றே. 'அங்கெயொன்' என்றால் பாத்திரம். மத்தேயு 25-இல் புத்தியுள்ள கன்னிகைகள் எண்ணெய் எடுத்துப்போன பாத்திரங்களுக்கு வரும் சொல் இதுவே. இரத்தத்தைத் தாங்குகிற பாத்திரமாகிய இரத்தக்குழாயை வைத்தியர்கள் இந்தப் பெயரால் குறித்தார்கள்.

'கிராம்' என்றால் எழுதப்பட்டது. 'கிராம்மா' என்பது எழுத்து. ஆகவே ஆஞ்சியோகிராம் இரத்தக்குழாயை எழுதிக் காட்டும் படம். அடைப்பு எங்கே என்று தெரிந்துகொள்வது மாத்திரமே அது. 'பிளாஸ்டி' என்பது உருவாக்குதல். ரோமர் 9-இல் குயவனையும் களிமண்ணையும் பற்றிப் பவுல் பேசும்போது, உருவாக்கினவனைக் குறிக்க எடுத்தாளும் வினையிலிருந்து இது பிறந்தது. ஆகவே ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் ஒடுங்கிப்போன குழாயை மறுபடியும் விரித்து உருவமைத்தல். முதலாவது படம், இரண்டாவது சிகிச்சை. இரண்டும் ஒரே வேளையில் நடப்பதுமுண்டு. ஆகவே எது நடக்கப்போகிறது, செலவு எவ்வளவு என்று முன்னமே கேட்டுக்கொள்ளலாம்.

இரத்தத்தைச் சொல்லும் 'ஈமியா'

மத்தேயு 9-இல் பெரும்பாடுள்ள ஸ்திரீயைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லில் 'ஹைமா' இருக்கிறது. ஹைமா என்றால் இரத்தம். அதுவே 'ஈமியா' என்று முடிவாக வரும். 'அனீமியா' இரத்தசோகை. 'யுரீமியா' சிறுநீரில் கழியவேண்டிய கழிவு இரத்தத்தில் தங்குவது. 'லுக்கேமியா' வெள்ளணுக்கள் மிகுவதால் இரத்தம் 'வெளுத்தது' என்று கருதிப் பெயரிடப்பட்ட இரத்தப் புற்றுநோய். அதே ஸ்திரீயைக் குறிக்கும் சொல்லின் பிற்பகுதி ஓட்டத்தைக் குறிக்கும். 'டயரியா' என்னும் வயிற்றுப்போக்கின் கடைசியில் இருப்பதும் அந்த ஓட்டமே.

சர்க்கரை நோயாளிகள் நிறைந்திருக்கிற இந்நாட்களில் ஒரு சொல்லை நாம் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். யாக்கோபு தம் நிருபத்தில் தித்திப்பான தண்ணீருக்கு 'கிளூக்கூஸ்' என்று எழுதினார். 'கிளைசீமியா' என்றால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை. அதன் முன்னே 'ஹைப்பர்' வந்தால் மேலே, அதாவது கூடுதல். 'ஹைப்போ' வந்தால் கீழே, அதாவது குறைவு. ஓரெழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் செய்யவேண்டியது நேர்மாறு. இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்தவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் அது ஹைப்போவாக இருக்கக்கூடும். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது; தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். அந்த நேரத்தில் இன்சுலின் போட்டுவிடாதீர்கள்.

கதவுகளின்மேல் எழுதியிருப்பவை

பெரிய ஆஸ்பத்திரிகளில் துறைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் அநேகர். 'லஜி' என்று முடிந்தால் அந்த உறுப்பைப் பற்றிய இயல். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வருகிற 'லோகோஸ்' தான் அதன் வேர். கார்டியாலஜி இருதயத்துக்கு, நெஃப்ராலஜி சிறுநீரகத்துக்கு, நியூராலஜி நரம்பு மண்டலத்துக்கு. புற்றுநோய்க்கான ஆன்காலஜியில் வரும் 'ஓங்கோஸ்' என்ற சொல், பாரமான யாவற்றையும் தள்ளிவிடச் சொல்லும் எபிரெயர் 12-இல் இருக்கிறது. 'பீடியாட்ரிக்ஸ்', 'சைக்கியாட்ரி' ஆகிய சொற்களில் 'இயாட்ரோஸ்' என்னும் வைத்தியன் ஒளிந்திருக்கிறான். பிரியமான வைத்தியன் என்று பவுல் லூக்காவைக் குறிப்பிட்ட சொல் அது.

தமிழில் முடியாதா?

இவ்வளவையும் படித்தபின், இவை தமிழிலேயே இருந்தால் இந்தப் பாடு வேண்டியதில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றிய ஒரு மிஷனெரி வைத்தியர் நமக்கு முன்னே இருந்தார்.

1834-ஆம் ஆண்டு மதுரையில் அமெரிக்க மிஷன் ஊழியத்தைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அதே யாழ்ப்பாண மிஷனுக்கு 1847-இல் வந்து சேர்ந்தார் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டரில் 1822-இல் பிறந்தவர். மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு உள்ளூர் வாலிபர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்பு தமிழுக்கு மாறினார். தமிழ் ஜனங்களிடையே வாழப்போகிற வைத்தியன் தமிழில் படிக்கவேண்டும் என்பது அவருடைய உறுதி. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்றார்கள்.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! ஆங்கில நூல்களைத் தமிழாக்க வேண்டியிருந்தது; அதற்குச் சொற்களையும் ஆக்கவேண்டியிருந்தது. அந்நூல்களின் தலைப்புகளே அவர் கையாண்ட வழிகளைக் காட்டுகின்றன. அறுவை மருத்துவ நூலுக்கு ஜனங்கள் அறிந்த சொற்களால் 'இரண வைத்தியம்' என்று பெயர். 1872-இல் வெளிவந்த உடற்கூற்று நூலுக்கு வடமொழிச் சொற்களைக் கொண்டு 'மனுஷ அங்காதிபாதம்'. 1875-இல் வெளிவந்த இரசாயன நூலுக்கோ 'கெமிஸ்தம்'! ஆங்கிலப் பகுதியை வைத்துக்கொண்டு, கடைசியில் நமக்குப் பழக்கமான 'அம்' என்ற ஈற்றைச் சேர்த்துவிட்டார். முன்பகுதி அந்நியமாக இருந்தாலும் கடைசி தமிழாக இருந்தால் சொல் நம் வாயில் தங்கும் என்று அறிந்திருந்தார் போலும். 1873-இல் தாயகம் திரும்பிய பிறகும் தமிழ் நூற்பணியை விடவில்லை. 1884-இல் மரித்தார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்றே அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்வழி வைத்தியக் கல்வி பிற்பாடு நிலைக்கவில்லை. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால் தமிழ் விகுதிகள் நம்மிடம் இருக்கின்றன. வெப்பமானி, நுண்ணோக்கி, சிறுநீரகவியல், கல்லீரல் அழற்சி என்று பள்ளிப் புத்தகங்களிலும் அரசு ஆஸ்பத்திரிப் பலகைகளிலும் காண்கிறோம். பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் என்று நம் முன்னோர் பகுத்துப் பெயரிட்டதும் இதே முறையில்தானே! ஆகவே ஆங்கிலச் சீட்டைத் தமிழில் விளக்கிச் சொல்வது முடியாத காரியம் அல்ல. ஜனங்களுடைய மொழியில் சொல்லவேண்டும் என்று கிரீன் ஐயா எடுத்துக்கொண்ட பிரயாசத்தில் ஒரு சிறு பங்கை நாம் ஒவ்வொருவரும் கட்டிலண்டையில் செய்யலாம்.

இதை வெட்டி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்

இடிஸ்: அழற்சி
ஓஸிஸ்: ஒரு நிலை, பல இடங்களில் தேய்மானம் அல்லது கெடுதல்
ஓமா: கட்டி, வீக்கம் (எல்லாம் புற்றுநோய் அல்ல)
ஈமியா: இரத்தத்தில் உள்ளது, இரத்தத்தின் நிலை
யூரியா: சிறுநீரில் உள்ளது (ஹெமச்சூரியா: சிறுநீரில் இரத்தம்)
ஆல்ஜியா: வலி (நியூரால்ஜியா: நரம்பு வலி)
ரியா: ஓட்டம், போக்கு
பதி: நோய் (நியூரோபதி: நரம்பு நோய்)
டமி: வெட்டித் திறத்தல்
எக்டமி: வெட்டி எடுத்துவிடுதல்
ஸ்டமி: வாய் வைத்தல்
ஸ்கோப்பி: கருவியால் உள்ளே பார்த்தல்
கிராம்: எழுதப்பட்ட படம் அல்லது பதிவு
பிளாஸ்டி: சீர்படுத்தி உருவமைத்தல்
லஜி: அதைப் பற்றிய இயல் அல்லது துறை

கடைசியாகச் சில ஆலோசனைகள்

வியாதியஸ்தரின் சீட்டை வாசிக்க அவர்களே கேட்டால் மாத்திரம் வாசியுங்கள். அதில் உள்ளதை ஆலயத்திலும் தெருவிலும் பேசவேண்டாம். விகுதி தெரிந்துவிட்டது என்று நீங்களே நோயை அறிவித்துவிடவேண்டாம்; அந்தக் காலேஜ் வாலிபனும் நல்ல மனதோடுதான் அறிவித்தான். அறிந்ததைக் கேள்வியாக மாற்றுங்கள். "டாக்டர், இது எக்டமி என்று இருக்கிறதே, முழுவதும் எடுக்கவேண்டுமா? வேறு வழி உண்டா?" என்று மரியாதையோடு கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார், கேட்பதைக் கண்டு சந்தோஷப்படுவார். அவர் சொன்ன பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, படுத்திருப்பவரின் கையில் கொடுங்கள். அவர்கள் அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், அல்லது யாரையாவது வாசிக்கச் சொல்லுவார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் மேலேயுள்ள பட்டியலை ஒருமுறை உரக்க வாசித்துப் பழகுங்கள். வீட்டில் இருக்கும் பழைய சீட்டுகளில் உள்ள சொற்களைப் பிள்ளைகளைக் கொண்டு பகுதி, விகுதி என்று பிரிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வியாதியஸ்தர் ஒருவர் தலையணைக்கடியிலிருந்து தாளை எடுத்து நீட்டும்போது, அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவரோடுகூட உட்கார்ந்து வாசிக்க உங்களால் முடியும்.